சாவி யார் கையில்? தன்னாட்சி கேட்கும் இயக்கங்களின் முன் இருக்கும் வழிகள்

2006ஆம் ஆண்டில் தன்னாட்சி பற்றி மூன்று நாடுகளில் மூன்று முடிவுகள் வந்தன. ஜூன் மாதம் கட்டலோனிய மக்கள் தங்கள் பகுதிக்கான புதிய தன்னாட்சிச் சட்டத்துக்கு வாக்களித்து ஒப்புதல் கொடுத்தார்கள். ஸ்பெயின் நாடாளுமன்றமும் அதை ஏற்றிருந்தது. ஜூலையில் இந்தோனேசிய நாடாளுமன்றம் ஆச்சே மாகாணத்துக்கென்று தனி ஆட்சிச் சட்டம் நிறைவேற்றியது. அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம், 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி இணைக்கப்பட்டிருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

நான்கு ஆண்டு கழித்து, 2010 ஜூனில், ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் கட்டலோனியச் சட்டத்தின் 14 பிரிவுகளை அரசியலமைப்புக்கு முரணானவை என்று சொல்லிவிட்டது. மக்கள் வாக்களித்த சட்டம் அது. அங்கே பிரிவினைக் கோரிக்கை பெரிய அலையாக எழுந்தது அதற்குப் பிறகுதான். ஆச்சே சட்டம் குறைகளோடு நிற்கிறது. வடகிழக்கு இணைப்பு 2007 பிறந்ததும் முடிந்துபோனது.

தன்னாட்சி, சுயாட்சி, கூட்டாட்சி, தனிநாடு என்று பெயர்களை வைத்தே நாம் நிறைய விவாதிக்கிறோம். என் கணக்கில் பெயர் இரண்டாவது. கொடுத்ததைத் திரும்ப எடுக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதலாவது. ஒரு நாட்டின் அரசோடு முரண்பட்டு நிற்கும் ஒரு பகுதியின் இயக்கம் இன்று முடிவெடுக்க உட்கார்ந்தால், அதன் முன் பெரும்பாலும் ஐந்து வழிகள் இருக்கும். பேசித் தன்னாட்சி பெறுவது, அரசு ஒப்புக்கொண்ட பொதுவாக்கெடுப்பு, அரசு மறுத்தபோதும் தானே நடத்தும் வாக்கெடுப்பு, ஆயுதம், அப்புறம் பிரிவினையைக் கைவிட்டு அந்த நாட்டின் அரசியலுக்குள்ளேயே அதிகாரம் சேர்ப்பது. இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பூட்டு உள்ள தன்னாட்சியே, அதாவது மத்திய அரசு தனியாக மாற்றவோ பறிக்கவோ முடியாத தன்னாட்சியே, முதல் தேர்வு என்று நினைக்கிறேன். பூட்டு இல்லாத தன்னாட்சிக்காக ஒரு தலைமுறையைச் செலவழிப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

பேசிப் பெறும் தன்னாட்சி

இதில் படிக்க வேண்டிய முதல் பாடம் தென் டிரோல். முதல் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மன் பேசும் இந்த மலைப்பகுதி ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போனது. முசோலினி காலத்தில் பள்ளிகளில் ஜெர்மன் மொழி தடை செய்யப்பட்டது. பண்ணை வீடுகளிலும் நிலவறைகளிலும் ஒளிந்து ஒளிந்து பிள்ளைகளுக்குத் தாய்மொழி சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், 1946 செப்டம்பரில், இத்தாலியப் பிரதமர் டி காஸ்பெரியும் ஆஸ்திரிய வெளியுறவு அமைச்சர் குரூபரும் பாரிசில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஜெர்மன் பேசுவோருக்குத் தன்னாட்சி என்று அதில் எழுதியிருந்தது.

1948இல் தன்னாட்சிச் சட்டமும் வந்தது. ஆனால் தென் டிரோலைத் தெற்கே இருந்த டிரெண்டினோவோடு சேர்த்து ஒரே பிராந்தியமாக்கினார்கள். சேர்த்துக் கூட்டினால் இத்தாலிய மொழிக்காரர்கள் பெரும்பான்மை. யாருக்காகத் தன்னாட்சி எழுதப்பட்டதோ அவர்கள் தங்கள் தன்னாட்சி அவையிலேயே சிறுபான்மை ஆகிவிட்டார்கள். எல்லைக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதை வைத்தே அதிகாரத்தைக் காலி செய்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

போரில் ஒரு காலை இழந்த சில்வியஸ் மாக்னாகோ என்ற தென் டிரோல் தலைவர் 1957இல் சிக்மண்ட்ஸ்குரோன் கோட்டையில் பல்லாயிரம் பேரைக் கூட்டினார். டிரெண்டினோவின் தலைநகரான டிரெண்டோவிடமிருந்து விடுதலை என்பதுதான் முழக்கம். அந்த முழக்கத்தைக் கவனியுங்கள். ரோமிடமிருந்து விடுதலை என்று அவர் சொல்லவில்லை. கையில் கிடைத்த தன்னாட்சியின் ஓட்டை எதுவோ, சரியாக அதன்மேல் விரலை வைத்தார். ஆஸ்திரியா 1960இல் பிரச்சினையை ஐ.நா. பொதுச் சபைக்குக் கொண்டுபோனது. 1961 ஜூனில் ஒரே இரவில் 37 மின்கம்பங்களை ஒரு ரகசியக் குழு குண்டு வைத்துச் சாய்த்தது. வன்முறை பல ஆண்டுகள் தொடர்ந்தது, உயிர்கள் போயின. அதே நேரத்தில் 19 பேர் கொண்ட ஆணையம் ஒன்று உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. 1969இல் 137 நடவடிக்கைகள் கொண்ட தொகுப்பு தயாரானது. மாக்னாகோவின் கட்சி மாநாட்டில் அது குறைந்த வித்தியாசத்தில்தான் தேறியது. 1972இல் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் வந்து, அதிகாரங்களைப் பிராந்தியத்திடமிருந்து மாகாணத்துக்கு மாற்றியது. தொகுப்பு முழுக்க நிறைவேறி, தகராறு தீர்ந்தது என்று ஆஸ்திரியா ஐ.நா.வுக்குச் சொன்னது 1992இல்தான். 1946இலிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள்.

அங்கே பூட்டுகள் பல. தன்னாட்சிச் சட்டம் அரசியலமைப்புத் தகுதி உடையது, சாதாரணப் பெரும்பான்மையால் மாற்ற முடியாது. நடைமுறை விதிகளை மத்தியும் மாகாணமும் சேர்ந்த கூட்டு ஆணையம் வரைகிறது. பின்னால் ஆஸ்திரியா என்ற சாட்சி நிற்கிறது. பணமும் அங்கேயே தங்குகிறது, அங்கே வசூலாகும் வரிகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு மாகாணத்துக்கு. அரசு வேலைகள் மொழிக்குழுக்களின் மக்கள்தொகை விகிதப்படி. இதற்கு விலையும் உண்டு. ஒவ்வொருவரும் தான் எந்த மொழிக்குழு என்று பதிய வேண்டும். ஜெர்மன் பள்ளி வேறு, இத்தாலியப் பள்ளி வேறு. இருமொழிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது உறுத்தல்தான். ஆனாலும் குண்டு வெடித்த மலைப்பகுதி இன்று இத்தாலியின் வளமான மாகாணங்களில் ஒன்று.

ஓலந்து தீவுகளில் பூட்டு இன்னும் எளிது. பின்லாந்துக்குச் சொந்தமான, சுவீடிஷ் பேசும் தீவுக்கூட்டம் அது. சுவீடனோடு சேர வேண்டும் என்று மக்கள் கேட்டார்கள். 1921இல், ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம், இறைமை பின்லாந்துக்கு, மொழியும் நிலமும் தன்னாட்சியும் தீவுக்காரர்களுக்கு என்று முடிவு சொன்னது. தீவின் குடியுரிமை இல்லாதவர் அங்கே நிலம் வாங்கத் தடை உண்டு. தன்னாட்சிச் சட்டத்தை மாற்ற வேண்டுமானால் பின்லாந்து நாடாளுமன்றம் மட்டும் போதாது, ஓலந்து அவையும் சம்மதிக்க வேண்டும். கதவுக்கு இரண்டு சாவி. நூறு ஆண்டாகத் திறக்க யாரும் முட்டி மோதவில்லை.

சரி, பூட்டு இல்லாவிட்டால்? எரித்திரியாவை ஐ.நா. தீர்மானத்தின்படி 1952இல் எத்தியோப்பியாவோடு கூட்டாட்சியாகச் சேர்த்தார்கள். தனி அவை, தனிக் கொடி எல்லாம் இருந்தன. பத்தே ஆண்டில் பேரரசர் ஹைலே செலாசி கூட்டாட்சியைக் கலைத்து அதை வெறும் மாகாணமாக்கினார். உறுதி கொடுத்த ஐ.நா. பேசாமல் இருந்தது. முப்பது ஆண்டுப் போர். வெளிச்சாட்சி இருந்தால் மட்டும் போதாது, அந்தச் சாட்சிக்கு வாய் திறக்கும் அக்கறையும் இருக்க வேண்டும். ஆஸ்திரியாவுக்கு இருந்தது, ஐ.நா.வுக்கு இல்லை.

கொசோவோவுக்கு யூகோஸ்லாவியாவின் 1974 அரசியலமைப்பு விரிந்த தன்னாட்சி கொடுத்திருந்தது. 1989இல் செர்பியத் தலைவர் மிலோசெவிச் அதைப் பறித்தார். அடுத்த பத்தாண்டில் நடந்தது உலகுக்குத் தெரியும். ஜம்மு காஷ்மீரின் 370ஆம் பிரிவை விலக்க அந்த மாநில அரசியல் நிர்ணய சபையின் பரிந்துரை வேண்டும் என்று எழுதியிருந்தது. அந்தச் சபை 1957இலேயே முடிந்துவிட்டது. 2019 ஆகஸ்டில், மாநிலச் சட்டமன்றமே இல்லாத நேரத்தில், மாநிலத்தின் ஒப்புதலுக்கு உரிய இடத்தில் மத்தி நியமித்த ஆளுநரின் ஒப்புதலும் நாடாளுமன்றத்தின் வாக்கும் வந்தன. 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. சாவி வைத்திருந்த கை மறைந்துபோனால் சாவி யாரிடம் போகும் என்று 1957இலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இலங்கையில் ஓட்டை வேறு விதம். 1957இல் பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம், அடுத்த ஆண்டே கிழிக்கப்பட்டது. 1965இல் டட்லி செல்வநாயகம் ஒப்பந்தம், அதுவும் நிறைவேறவில்லை. இரண்டிலும் சாட்சியாக வெளியார் யாரும் இல்லை, சட்டமாகவும் ஆகவில்லை, இரண்டு தலைவர்களின் கையெழுத்து மட்டும்தான். 1987இல் இந்தியா சாட்சியாக வந்தது, மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆம் திருத்தம் சட்டமானது. ஆனால் எழுத்தில் இருந்த காணி, காவல்துறை அதிகாரங்கள் மாகாணத்துக்கு வந்து சேரவில்லை. ஆளுநர் கொழும்பின் ஆள். வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013இல்தான். 2018இல் அதன் காலம் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தலே இல்லை. தேர்தலை எப்போது நடத்துவது என்பதே மத்தியின் கையில் இருந்தால், சபை இருந்தும் இல்லாததுதான்.

ஒப்புக்கொண்ட வாக்கெடுப்பு

இந்த வழி கண்ணியமானது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து கேள்வியை எழுதி, நாளைக் குறித்து, முடிவை ஏற்போம் என்று சொல்லி மக்களிடம் போவது. 2012 அக்டோபரில் லண்டனும் எடின்பரோவும் கையெழுத்திட்டன. 2014 செப்டம்பர் 18இல் ஸ்காட்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். 16 வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை இருந்தது. 84.6 சதவீதம் பேர் வந்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 55.3 சதவீதம். தோற்ற பக்கமும் வெறுங்கையோடு போகவில்லை. 2016 சட்டம் வருமான வரி விகிதங்களை வகுக்கும் அதிகாரத்தை ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தது. ஆனால் இரண்டாவது முறை கேட்டபோது, லண்டனின் ஒப்புதல் இல்லாமல் அப்படி ஒரு வாக்கெடுப்புக்குச் சட்டம் போட முடியாது என்று 2022 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2012 ஒப்பந்தத்தில் ஒரே ஒரு முறைக்குத்தான் சாவி கிடைத்தது.

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக் இரண்டு முறை வாக்களித்தது. 1980இல் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1995இல் வேண்டாம் 50.58, வேண்டும் 49.42. வித்தியாசம் ஏறத்தாழ 54,000 வாக்குகள். இவ்வளவு நெருக்கமான முடிவை வைத்து ஒரு நாட்டைப் பிரித்திருந்தால் மறுநாள் காலை எப்படி விடிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கனடா உச்ச நீதிமன்றம் 1998இல் சொன்ன பதில்தான் இந்த விஷயத்தில் நான் படித்தவற்றிலேயே நியாயமானது. கியூபெக் தானாகப் பிரிந்துபோக உரிமை இல்லை. ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால், பேச மாட்டோம் என்று சொல்ல மற்றவர்களுக்கும் உரிமை இல்லை. எத்தனை சதவீதம் என்றால் தெளிவு என்பதை நீதிமன்றம் சொல்லவில்லை. 2000இல் வந்த சட்டமும் எண் குறிக்கவில்லை, தெளிவா இல்லையா என்று முடிவு செய்வதை மத்திய நாடாளுமன்றத்தின் கீழவையிடம் கொடுத்தது. இங்கேயும் சாவி எங்கே போனது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போகன்வில் இந்த வழியின் இன்னொரு முகம். பாப்புவா நியூ கினியின் இந்தத் தீவில் பங்குனா செப்புச் சுரங்கத்தை ஒட்டி 1980களின் இறுதியில் போர் மூண்டது. 2001 ஆகஸ்டில் சமாதான ஒப்பந்தம்: ஆயுதத்தை ஒப்படையுங்கள், தன்னாட்சி தருகிறோம், தன்னாட்சி அரசு அமைந்த 10 முதல் 15 ஆண்டுக்குள் வாக்கெடுப்பும் நடக்கும். சொன்னபடியே 2005இல் தன்னாட்சி அரசு, 2019 இறுதியில் வாக்கெடுப்பு. தனிநாட்டுக்கு 1,76,928 வாக்குகள், கூடுதல் தன்னாட்சிக்கு 3,043. இதற்கு மேல் தெளிவு வேண்டுமா? ஆனால் 2001 ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, இறுதி முடிவு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கு உட்பட்டது என்று. அந்த ஒரு வரியைச் சுற்றித்தான் அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் பேச்சு ஓடியது. போரை நிறுத்த அன்று அந்த வரி தேவைப்பட்டிருக்கலாம். தலைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இனிமேல் இந்த வழியில் போகிறவர்கள், ஒப்புதல் எத்தனை மாதத்துக்குள், மறுத்தால் அடுத்து என்ன என்பதையும் அதே காகிதத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பிரான்சின் ஆட்சியில் உள்ள பசிபிக் தீவான நியூ கலிடோனியா காட்டுவது வாக்காளர் பட்டியலின் அருமையை. 1998 ஒப்பந்தப்படி மூன்று வாக்கெடுப்புகள். பிரான்சோடு இருப்போம் என்றவர்கள் 2018இல் 56.7 சதவீதம், 2020இல் 53.3. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. 2021 இறுதியில், கொரோனா சாவுகளுக்காகப் பூர்வகுடிகளான கனாக் மக்கள் துக்கம் காத்த நாட்களில் மூன்றாவதை நடத்தினார்கள். விடுதலைக் கட்சிகள் புறக்கணித்தன. 96 சதவீதத்துக்கு மேல் பிரான்சுக்குச் சாதகம், ஆனால் வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அந்த முடிவை ஒரு பக்கம் இன்றுவரை மனதார ஏற்கவில்லை. 2024 மே மாதம், பின்னால் குடியேறிப் பத்து ஆண்டு வாழ்ந்தவர்களுக்கும் உள்ளூர்த் தேர்தலில் வாக்குரிமை என்று பாரிஸ் பட்டியலைத் திறக்கப் போனபோது தீவு பற்றி எரிந்தது.

தெற்கு சூடானை இங்கே ஒரு காரணத்துக்காகச் சொல்ல வேண்டும். 2005 ஒப்பந்தம், 2011 ஜனவரியில் வாக்கெடுப்பு, 98.83 சதவீதம், ஜூலை 9இல் தனிநாடு. வழியில் ஒரு படியும் தவறவில்லை. ஆனால் எண்ணெய் தெற்கில், குழாய் வடக்கு வழியாக. கட்டணத் தகராறில் 2012 ஜனவரியில் எண்ணெய் எடுப்பதையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2013 டிசம்பரில் விடுதலைப் படையின் தலைவர்களே இரண்டாகப் பிரிந்து உள்நாட்டுப் போர். வாக்கெடுப்பு எல்லையைத்தான் முடிவு செய்யும், உள்ளே எப்படி ஆளப்போகிறோம் என்பதை முடிவு செய்யாது.

அரசு மறுத்தபோதும் நடத்துவது

இதற்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. 2017இல் ஒரே வாரத்துக்குள் இரண்டு இடங்களில் நடந்தது. செப்டம்பர் 25இல் ஈராக்கின் குர்திஸ்தான். ஏறத்தாழ 93 சதவீதம் பேர் தனிநாடு வேண்டும் என்றார்கள். பாக்தாத், அங்காரா, தெஹ்ரான், வாஷிங்டன் நான்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லியிருந்தன. அக்டோபர் 16இல் ஈராக்கியப் படை கிர்குக்கையும் அதன் எண்ணெய் வயல்களையும் எடுத்துக்கொண்டது. குர்திஸ்தானின் விமான நிலையங்களில் வெளிநாட்டு விமானங்கள் பல மாதம் நின்றன. வாக்கெடுப்புக்கு முன் கையில் இருந்த நிலமும் வருமானமும் வாக்கெடுப்புக்குப் பின் இல்லை.

அக்டோபர் 1இல் கட்டலோனியா. வாக்குப்பெட்டிகளைப் பறிக்கக் காவல்துறை வந்தது, வாக்களிக்க நின்றவர்கள் அடிபட்டார்கள். ஏறத்தாழ 43 சதவீதம் பேர் வாக்களித்தார்கள், அவர்களில் 90 சதவீதம் வேண்டும் என்றார்கள். அக்டோபர் 27இல் தனிநாட்டு அறிவிப்பு, அதே நாளில் மாட்ரிட் அரசியலமைப்பின் 155ஆம் பிரிவைப் பயன்படுத்தி ஆட்சியைக் கையில் எடுத்தது. ஒரு நாடுகூட அங்கீகரிக்கவில்லை. 2019இல் ஒன்பது தலைவர்களுக்கு 9 முதல் 13 ஆண்டு வரை சிறைத் தண்டனை. 2021இல் மன்னிப்பு, 2024இல் பொதுமன்னிப்புச் சட்டம்.

அந்த வரிசையில் நின்று அடிபட்ட மனிதர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் ஒரு வழியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேண்டாம் என்பவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவதால் 90 சதவீதத்தின் பொருளே கரைந்துவிடுகிறது. மறுநாள் சுங்கம், வங்கி, எல்லைக் காவல் எதுவும் கையில் இல்லை. கட்டலோனியாவுக்கு உண்மையில் வலித்த இடம் ஒன்று உண்டு: பாஸ்க், நவார் பகுதிகள் தங்கள் வரியைத் தாங்களே வசூலித்து மத்திக்குப் பங்கு தருகின்றன, கட்டலோனியாவுக்கு அந்த உரிமை இல்லை. பிரிவினைக் கேள்வியைவிட இந்த வரிக் கேள்வியில் மாட்ரிட்டை மடக்குவது எளிது.

ஆயுதம்

ஆயுதம் எடுத்த இயக்கங்களை மூன்று முடிவுகளில் பார்க்கிறேன். எரித்திரியா போல வென்றவை. இலங்கையில் 2009 மே மாதம் நடந்தது போல முற்றிலும் அழிக்கப்பட்டவை. ஆச்சே, மிசோரம் போலப் பாதியில் மேசைக்கு வந்தவை. முதல் வகை மிக அரிது. 1993இல் 99 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கித் தனிநாடான எரித்திரியாவில், அதற்குப் பிறகு ஒரு தேசியத் தேர்தல்கூட நடக்கவில்லை. போர்க்களத்தின் கட்டளை முறை அப்படியே அரசாங்கமாகிவிட்டது. இரண்டாவது வகையில் இழப்பைப் பற்றி எழுதவே கை நடுங்குகிறது. ஒன்று மட்டும் சொல்லலாம்: எதிரில் பேச யாருமே இல்லாமல் ஆக்கிவிட்ட அரசுக்கு, அதன் பிறகு எதையும் கொடுக்க வேண்டிய நெருக்கடி இருப்பதில்லை.

மூன்றாவதில்தான் பாடம் இருக்கிறது. ஆச்சேயில் 1976இல் தொடங்கிய விடுதலை இயக்கத்தோடு போரிட்டுக்கொண்டே 2001இல் ஜகார்த்தா ஒரு சிறப்புத் தன்னாட்சிச் சட்டம் போட்டது. இயக்கத்தோடு பேசாமல் போட்ட சட்டம், அதனால் பயன் இல்லை. 2003இல் ராணுவச் சட்டம் வந்தது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. அடுத்த மாதமே ஹெல்சிங்கியில் பின்லாந்தின் முன்னாள் அதிபர் மார்த்தி அஹ்திசாரி முன்னிலையில் பேச்சு தொடங்கி, 2005 ஆகஸ்ட் 15இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. இயக்கம் 840 ஆயுதங்களை ஒப்படைத்தது, ஐரோப்பிய ஒன்றியமும் ஆசியான் நாடுகளும் கண்காணித்தன. இந்தோனேசியாவில் வேறெங்கும் இல்லாத உள்ளூர்க் கட்சிகளை ஆச்சே பெற்றது. 2006 டிசம்பர் தேர்தலில் இயக்கத்தின் முன்னாள் போராளி இர்வாண்டி யூசுப் ஆளுநரானார்.

இப்போது அந்தக் காகிதத்தின் உள்ளே போவோம். ஆச்சேயைப் பாதிக்கும் முடிவுகளை மத்திய நாடாளுமன்றம் எடுக்கும்போது ஆச்சே அவையைக் கலந்து அதன் சம்மதம் பெற வேண்டும் என்று ஹெல்சிங்கி ஒப்பந்தம் சொன்னது. 2006இல் ஜகார்த்தா எழுதிய சட்டத்தில் சம்மதம் என்ற சொல் போய், கலந்தாலோசித்து அதன் கருத்தைக் கருத்தில்கொண்டு என்று ஆகிவிட்டது. ஒரே ஒரு சொல்தான், ஆனால் சாவி கை மாறிவிட்டது. பணத்திலும் இதே கதை. எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 சதவீதம் ஆச்சேக்கு என்பது கேட்க நன்றாக இருக்கும். போருக்கு ஒரு காரணமாக இருந்த அருண் எரிவாயு வயல் அப்போதே வற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து திரவ எரிவாயு ஏற்றுமதி 2014இல் நின்றுபோனது.

மிசோரம் இதற்கு மறுபக்கம். 1966இல் கிளர்ச்சி, ஐஸ்வால் மேல் விமானக் குண்டுவீச்சு, கிராமங்களைப் பெயர்த்து ஒன்றாக அடைத்தது என்று கொடிய ஆண்டுகள். 1986 ஜூனில் கிளர்ச்சியின் தலைவர் லால்டெங்கா சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1987இல் மாநிலம் பிறந்தது, அவரே முதல்வர். அரசியலமைப்பின் 371ஜி பிரிவு என்ன சொல்கிறது? மிசோக்களின் சமயம், சமூக வழக்கம், வழக்காற்றுச் சட்டம், நில உரிமை பற்றிய நாடாளுமன்றச் சட்டம் எதுவும் மிசோரம் சட்டமன்றம் தீர்மானம் போட்டு ஏற்காமல் அங்கே செல்லாது. எதையும் செய்யாமல் இருந்தாலே பாதுகாப்பு என்கிற பூட்டு இது. தனிநாடு கேட்டவர்களுக்குக் கிடைத்தது ஒரு மாநிலம்தான். ஆனால் அந்தச் சில வரிகளை அவர்கள் சரியாக எழுதி வாங்கினார்கள்.

உள்ளேயே இருந்து சேர்ப்பது

1963இல் பிரிவினை பேசுபவர்கள் தேர்தலில் நிற்பதைத் தடுக்க இந்திய அரசியலமைப்பில் 16ஆம் திருத்தம் வந்தபோது, அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். நான்கு ஆண்டில் கட்சி ஆட்சிக்கு வந்தது. பிறகு மத்திய மாநில உறவுகளை ஆராய்ந்த ராஜமன்னார் குழு, 1974இல் மாநில சுயாட்சித் தீர்மானம். தீர்மானம் கேட்டது கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பள்ளியும் மருத்துவமனையும் இட ஒதுக்கீடும் கட்ட ஒரு சட்டமன்றம் கையில் இருந்தது. பெல்ஜியம் 1970இலிருந்து படிப்படியாக அரசியலமைப்பைத் திருத்தி, 1993இல் அதிகாரப்பூர்வமாகக் கூட்டாட்சியானது. மொழிச் சண்டை அங்கே ஓயவில்லை, ஆனால் துப்பாக்கி வரவில்லை. இந்த வழியில் மத்தியில் உங்கள் வாக்கு தேவைப்படும் காலம் வரும், போகும். வரும்போது அமைச்சர் பதவி கேட்பதா, சட்டத் திருத்தம் கேட்பதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எதை எப்போது

தேர்தலில் வலுவுள்ள இயக்கம், ஜனநாயகமாக நடக்கும் ஒரு மத்திய அரசு என்றால், நான் பூட்டுள்ள தன்னாட்சியைக் கேட்பேன். வாக்கெடுப்பு உரிமையை அதற்குள் ஒரு பிரிவாக வைக்கச் சொல்வேன், கிரீன்லாந்தின் 2009 தன்னாட்சிச் சட்டத்தில் இருப்பது போல. உரிமை எழுத்தில் இருந்தால் அவசரப்பட்டுப் பயன்படுத்த வேண்டியதில்லை. அது இருக்கிறது என்பதே பேச்சில் பலம். அரசியலமைப்பே பிரிவினையைத் தடுக்கும் நாடு என்றால், வரியையும் மொழியையும் நிலத்தையும் பற்றிய திருத்தங்களில் ஆண்டுக்கணக்காக உட்கார வேண்டும். சலிப்பான வேலைதான், மாக்னாகோ அதைத்தான் செய்தார்.

ஏற்கெனவே ஆயுதம் ஏந்திய இயக்கம் என்றால், ஒப்படைக்க ஆயுதம் இருக்கும்போதே மேசைக்குப் போக வேண்டும். பிலிப்பைன்சின் தெற்கில் முஸ்லிம்கள் வாழும் பங்சமோரோவில் 2014 ஒப்பந்தம் ஆயுதக் களைவைக் கட்டம் கட்டமாக வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் அரசு செய்ய வேண்டிய ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டது. 2018இல் அடிப்படைச் சட்டம், 2019இல் மக்கள் ஒப்புதல். தாமதங்கள் நிறைய, தேர்தலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளே கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நிலை இல்லை.

இன்னொன்றை நாமே நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும். கேட்கும் பகுதிக்குள் இன்னொரு சிறுபான்மை எப்போதும் இருக்கிறது. 1995இல் கியூபெக் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, அங்குள்ள கிரீ பழங்குடிகள் தங்களுக்குள் தனியாக வாக்கெடுத்தார்கள். 96 சதவீதம் பேர் கியூபெக்கோடு கனடாவை விட்டுப் போக மாட்டோம் என்றார்கள். சூலு மாகாணம் 2019இல் பங்சமோரோவில் சேர மாட்டோம் என்று வாக்களித்தும் சேர்க்கப்பட்டது. 2024இல் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் அதை வெளியே எடுத்தது. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களைச் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணி நேரத்துக்குள், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். நமக்குக் கொடுத்ததைப் பறிக்கக் கூடாது என்று மத்தியிடம் வாதாடும்போது, அதே கேள்வியை அந்த மக்கள் நம்மிடம் கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டும்.

தென் டிரோலில் ஜெர்மனும் இல்லாமல் இத்தாலியனும் இல்லாமல் லதீன் (லத்தீன் வேறு) மொழி பேசும் மக்கள் ஏறத்தாழ 4 சதவீதம் பேர் இருக்கிறார்கள், சில பள்ளத்தாக்குகளில். மாகாண அவையில் அவர்களுக்கு இடம் உறுதி, அரசு வேலையில் பங்கு உண்டு. அவர்கள் பள்ளத்தாக்குப் பள்ளிகளில் ஜெர்மனும் இத்தாலியனும் சமமாக, லதீனும் கூடவே நடக்கிறது. பேச்சுக்குப் போகும் இயக்கம் தன் வரைவைத் திறந்துவைத்து, தன் லதீன்கள் யார், அவர்களுக்கான பக்கம் எங்கே என்று முதலில் தேடிப் பார்க்கட்டும்.